தெட்சு தின்னாத தீனி

தெட்சுவுக்கு வாயில் ஒரு பல்கூட இல்லை என்று நான் மித்சுயேவிடம் சொல்லி வாய் மூடவில்லை, காலடியில் படுத்திருந்த என் நாய் தெட்சு ஒரு காட்டுப்பன்றியின் தொடையெலும்பை மடக்கென்று இரண்டாக உடைத்தது. சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. மித்சுயே எலும்பைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

“ஈறு,” என்றேன். “ஈறு அவ்வளவு கெட்டி.”

“தாத்தா, போன வாரம் வயித்துல புண்ணுன்னீங்க. அதுக்கு முந்தின வாரம், காஞ்ச தீனியைப் பார்த்தாலே அழுவுதுன்னீங்க.”

“அழுதுச்சே! ஒரு பானை நிறைய. அதுலதான் முள்ளங்கி ஊறப்போட்டேன். தனியா உப்பே போடல.”

மித்சுயே, ‘சிகாமோரி’ என்ற வண்டிக்கடையை ஓட்டுபவள். செவ்வாயும் வெள்ளியும் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் குட்டி லாரியில் மலையேறி வருவாள். பக்கக் கதவைத் தூக்கினால் கடை. டோஃபு, மீன், பால், முட்டை, பேட்டரி, நாய்க்கு டின் தீனி. கீழே முதல் வளைவில் பாட்டுக் கேட்டால் என் வாசலுக்கு வர இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் நான் சவரம் செய்துகொள்வேன்.

எங்கள் கமினோதானியில் ஒரு காலத்தில் பத்துப் பதினோரு வீட்டில் புகை வரும். கடைசியாக மிச்சமிருந்த ஹிரோயுச்சி அம்மாவும் வசந்த காலத்தில் சோறாக்கும் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு தகாமத்சு நகரத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மனிதர்களைக் கணக்கெடுக்க நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வண்டிக்கடை அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரு நிறுத்தத்தில் வாங்கும் சாமானில் ஒரு கூடை பாதியாவது நிரம்ப வேண்டும். நான்கு முறை தொடர்ந்து நிரம்பாவிட்டால் அந்த நிறுத்தத்தை எடுத்துவிடுவார்கள். எனக்குக் காய்கறி தோட்டத்தில், அரிசி தங்கை மகன் அனுப்புவது. கிழவனின் வயிறு ஒரு டோஃபுவுக்கு மேல் கேட்காது. கூடையை நிரப்பியது தெட்சுதான். ஒவ்வொரு தடவையும் ஏழெட்டு டின். அந்த டின்களைப் பிடித்துக்கொண்டுதான் வண்டி இவ்வளவு உயரம் ஏறி வந்தது.

இந்த நிலைமையில்தான் வசந்தகாலத் தடுப்பூசி போட வந்த மருத்துவர், தெட்சுவின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பல்லில் காரை படிந்திருக்கிறது, மென்று தின்னும் உலர் தீனிக்கு மாற்றுங்கள் என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு வேறு ஊர் கிடைக்கவில்லை, மித்சுயேவின் காதில் விழும்படி சொன்னார்.

உலர் தீனி என்றால் பெரிய பை. இரண்டு மாதத்துக்கு ஒன்று போதும். பார்சல்காரர் கீழ்ச்சாலைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். அவர் யாருடனும் பேசுவதில்லை. பெட்டியோடும் பேசி நான் பார்த்ததில்லை.

“ஆபீஸ்ல இதைக் குடுத்து விட்டாங்க, தாத்தா,” என்று மித்சுயே உள்ளங்கை அளவு பொட்டலம் ஒன்றை எடுத்தாள். “மாதிரிக்கு. தெட்சு தின்னா, பெரிய பைக்கு எழுதிக்கச் சொல்றாங்க. தின்னலேன்னா பழையபடி டின்.”

“தின்னாது.”

“பார்த்துடலாமே.”

அவள் தெட்சுவின் கிண்ணத்தில் பொட்டலத்தைக் கொட்டினாள். பழுப்பு உருண்டைகள். கருவாட்டு வாசனை எனக்கே மூக்கில் ஏறியது. தெட்சு எலும்பை விட்டுவிட்டு ஒரே பாய்ச்சலில் எழுந்தது.

“பொறு,” என்றேன். மெதுவாக, தொண்டையைச் செருமுவதுபோல.

தெட்சு கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்தது. எங்கள் பக்கத்து நாய்களுக்குப் பால்பல் விழுவதற்கு முன்பே சொல்லிக்கொடுப்பது இது. ‘பொறு’ என்றால் உட்கார வேண்டும். ‘ஆகட்டும்’ என்று சொல்லும்வரை வாய் வைக்கக் கூடாது.

“பார்த்தியா? தொட மாட்டேங்குது,” என்றேன். “டின்னை எடு.”

மித்சுயே என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள். “ஆகட்டும்,” என்றாள் தெட்சுவிடம். பிறகு கொஞ்சிச் சொன்னாள், அதட்டிச் சொன்னாள், என் குரல் மாதிரி கரகரவென்று சொன்னாள். தெட்சுவின் காது மட்டும் திரும்பியது. அதற்கு என் வாயிலிருந்து வர வேண்டும்.

“எங்க வீட்டு நாய்கூட இப்படித்தான் உக்காரும், தாத்தா,” என்றாள். “அப்பா சொன்னாத்தான் தின்னும்.”

“இது அது இல்ல. இது வெறுப்பு.”

“அப்படியா? சரி. அடுத்த ஊர்ல இன்னைக்கு அறுவடைத் திருவிழா. கடைக்கு யாரும் வரப்போறதில்ல. நான் இருந்து பார்த்துட்டே போறேன்.”

வண்டிப் படியில் உட்கார்ந்து சோற்றுருண்டையைப் பிரித்தாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. மித்சுயே வழக்கமாக நிற்பது ஏழு நிமிடம். பில் போடும் நேரத்தையும் சேர்த்து. இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள், சாப்பிடுகிறாள், உருண்டைக்குள் இருந்த ஊறுகாய்ப் பழத்தின் கொட்டையை யூசு எலுமிச்சை மரத்தடியில் துப்புகிறாள். தெட்சு எவ்வளவு நேரம் உட்காருமோ அவ்வளவு நேரம் இவளும் உட்காருவாள். நான் உள்ளே போய்த் தேநீர் போட்டு வந்தேன். இரண்டு கோப்பை. இரண்டாவது கோப்பையில் சிலந்தி குடியிருந்தது. அதை மரியாதையாகக் காலி செய்யச் சொன்னேன்.

“பேச்சுத்துணைக்கு என்ன பண்றீங்க, தாத்தா?”

“எதிரொலி இருக்கே. ஆனா அதுக்கும் வயசாயிடுச்சு. நான் சின்ன வயசுல ‘ஓய்’னா கையோட ‘ஓய்’னு பதில் வரும். இப்ப காலையில கூப்பிட்டா ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வருது. போன மாசம் ஒரு திங்கக்கிழமை கூப்பிட்டேன். புதன்கிழமை வந்துச்சு. அதுவும் ஹிரோயுச்சி அம்மா குரல்ல.”

“பொய். இப்பதான எலும்புச் சத்தம் உடனே திரும்பி வந்துச்சு?”

“அது நாய்க்கு. நாய் கூப்பிட்டா உடனே பதில் சொல்லுது.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “உங்க வாயில ஒரு உண்மைகூட தங்காதா?”

என் மனைவி ஹருயோ இதையேதான் கேட்பாள். நாற்பத்தாறு வருஷம் நான் சொன்ன ஒவ்வொன்றையும் மறுத்தாள். அவள் போட்டோவாகிச் சுவரில் ஏறிய பிறகு மறுக்க ஆளில்லை. போட்டோ எதைச் சொன்னாலும் ஒப்புக்கொள்கிறது. மறுக்க ஆளில்லாத பொய்யில் ருசியே இல்லை. வாரத்தில் இரண்டு தடவை, ஏழு ஏழு நிமிடம், மித்சுயே வந்து “பொய்” என்று சொல்லிவிட்டுப் போவாள். அதற்குத்தான் அந்த டின்கள்.

தேநீர் ஆறிற்று. நான் நிலச்சரிவில் என் குளியல்தொட்டி கடல்வரை போய் மீனோடு திரும்பி வந்த கதையைச் சொன்னேன். அவள் தன் மாமியாரின் குறட்டையைப் பற்றிச் சொன்னாள். தெட்சுவின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி மண்ணில் குளம் கட்டியிருந்தது. ஒரு தும்பி வந்து மழைத்தண்ணீர் என்று நினைத்து அதன்மேல் இரண்டு வட்டம் போட்டது. இதில் எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

நாற்பது நிமிடம் இருக்கும். அந்த வருஷத்தில் என் வாசலில் ஒரு மனிதர் அவ்வளவு நேரம் இருந்தது அன்றைக்குத்தான்.

அப்போது தெட்சுவின் முன்னங்கால் நடுங்க ஆரம்பித்தது. முதலில் இடது, பிறகு வலது. பதினான்கு வயது நாய். குளிர்ந்த மண்ணில் அவ்வளவு நேரம் நிமிர்ந்து உட்காரும் வயதில்லை. அது தீனியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. பதினான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் சொல்லாமல் விட்டதில்லை, இன்றைக்கும் சொல்வேன் என்று அதற்குச் சந்தேகமே இல்லை. ஒருமுறை சரிந்தது. அவசரமாக நிமிர்ந்து, பழையபடி ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

மித்சுயேவும் பார்த்துவிட்டாள். கோப்பையைக் கீழே வைத்தாள்.

“ஆகட்டும்,” என்றேன்.

தெட்சு தின்றது. கல்லுடைக்கும் எந்திரத்தில் ஆற்றங்கல்லைக் கொட்டியதுபோல் சத்தம். கிண்ணத்தைத் தின்று முடிக்கப் பார்த்தது, நான் பிடுங்கிக்கொண்டேன். பிறகு வாலை ஆட்டிக்கொண்டு முதலில் என்னிடமும் அடுத்து மித்சுயேவிடமும் போய் முகத்தைக் காட்டியது.

“ஈறு,” என்றேன்.

மித்சுயே எழுந்து உடையைத் தட்டிக்கொண்டாள். அலுவலகத் தாளையும் பேனாவையும் எடுத்தாள். ஏதோ எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

“பெரிய பை வேணாம், தாத்தா,” என்றாள் தாளைப் பார்த்தபடியே. “இங்க மூடுபனி ஜாஸ்தி. போன வருஷம் எதிர்மலையில ஒருத்தர் பெரிய பை வாங்கினார். ஒரே ராத்திரியில உப்பிப்போச்சு. காலையில வீட்டைவிட்டு வெளிய வர முடியல, தீனியைத் தின்னு தின்னு வழி பண்ணித்தான் வந்தார்.”

நான் அவளைப் பார்த்தேன். முகத்தில் ஒரு சுளிவுகூட இல்லை.

“பொய்,” என்றேன்.

“அதனால சின்னப் பொட்டலமாத்தான் தரணும். தடவைக்கு ரெண்டு. காத்தடைச்ச பொட்டலம், கூடையில பாதிக்கு மேல அடைச்சுக்கும்.” பேனா தாளில் நின்றது. “இதுல நாயோட வயசு கேக்குது. குட்டிக்கு ஒண்ணு, பெரிய நாய்க்கு ஒண்ணு, கிழட்டு நாய்க்கு ஒண்ணு. எத்தனை வயசு?”

தெட்சு என் முழங்காலில் தலையைச் சாய்த்திருந்தது. மூக்கைச் சுற்றி ஒரு கறுப்பு முடி இல்லை. எல்லாம் வெள்ளை.

“ஆறு,” என்றேன்.

மித்சுயே தெட்சுவை வெகுநேரம் பார்த்தாள். நான் அவள் மறுப்பதற்காகக் காத்திருந்தேன். அவள் மறுக்கவில்லை. குனிந்து, ஆறு என்று எழுதினாள். என் பொய்களில் அவள் பேசாமல் ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

பக்கக் கதவை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தாள். பாட்டு ஒவ்வொரு வளைவாக இறங்கிப் போயிற்று. கடைசி வளைவில் பாதி வரியோடு அறுந்தது. எதிர்மலை திருப்பிச் சொல்லும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

தெட்சு காலிக் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தது.

“வெள்ளிக்கிழமைதான்,” என்றேன். “பொறு.”

உட்கார்ந்தது. அதன் முன்னங்கால்களுக்குக் கீழே என் கம்பளித் துண்டைச் செருகிவிட்டு, பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.