மதாம் மார்த்துக்கு எழுதிய பதில்

ரத்தினவேல் மூன்று மாதப் பயிற்சிக்குப் பிரான்சு போகிறார் என்று 1959 ஜூனில் தெரிந்தபோது, ஆசிரியர் அறையில் முதலில் வாயைத் திறந்தவர் இயற்பியல் அற்புதசாமிதான்.

"இருபத்திரண்டு வருஷமா நீங்க சொல்லிக் குடுத்தது பிரெஞ்சுதானா, இல்ல நீங்களா கட்டிவிட்டதான்னு இப்பத் தெரிஞ்சுபோயிடும் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். ரத்தினவேலும் சிரித்து வைத்தார். ஆனால் பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வந்து சேரும்வரை அந்தப் பேச்சு காதைவிட்டுப் போகவில்லை. அவர் பிரெஞ்சைப் புத்தகத்தில் படித்துத் தேறியவர். ஒரு பிரெஞ்சுக்காரரிடம் உட்கார்ந்து பேசியதே கிடையாது. மனைவி வேலம்மாள் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. அடையவளஞ்சான் தெரு வீட்டில் இதையெல்லாம் சொல்லிப் புலம்பவும் ஆள் இல்லை.

அற்புதசாமி சொன்னது பாரிசில் பலித்தது. கடைக்காரர்கள் அவரை மூன்று முறை சொல்லவைத்துவிட்டு, கடைசியில் அவர் விரல் காட்டும் பொருளைப் பார்த்தார்கள். பயிற்சி ஆசிரியர்கள் காது கேளாதவரிடம் பேசுவதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசினார்கள். பயிற்சி முடிந்து பத்து நாள் மிச்சமிருந்தது. ஒரு சின்னக் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தனியாகப் பர்கண்டிக்குப் புறப்பட்டார். அவருடைய பாடப்புத்தகத்தில் பதினான்காம் பாடம் திராட்சை அறுவடை. கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிப்பார். அதையாவது கண்ணால் பார்த்துவிடலாம், அந்த ஊர்க்காரர்களாவது நின்று பேசுவார்கள் என்று நினைத்தார்.

மருங்காபுரி மாமாவின் பழைய காரில் ஓட்டப் பழகியவர் அவர். அங்கே எல்லாம் பக்கம் மாறியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் "வலது பக்கம், வலது பக்கம்" என்று தமிழில் உரக்கச் சொல்லிக்கொண்டார். நாள் முழுக்க அவர் காதில் விழுந்த தமிழ் அவ்வளவுதான்.

இத்தனை காலம் கொடி என்று அவர் சொல்லிக்கொடுத்தது பந்தலில் படராமல், இடுப்பளவுச் செடியாக வரிசை வரிசையாக நின்றது. கூடை சுமந்த கூலிக்காரர்கள் ஏதோ கேட்டார்கள். அவர் இலக்கண சுத்தமாகப் பதில் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து, ஒரு குலையைக் கையில் கொடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார்கள். காரின் முன்மூடியில் உட்கார்ந்து அதைத் தனியாகத் தின்றார். புளிப்பும் இனிப்புமாக, தோல் தடித்த பழம்.

தங்கியது மதாம் மார்த் என்ற விதவையின் வீட்டு மாடியறையில். எழுபது வயதிருக்கும். ஒரு வார வாடகையை வந்த அன்றே கொடுத்துவிட்டார். மாலையில் இரண்டு தட்டு வைப்பாள். அவருக்கு ரொட்டி, உருளைக்கிழங்கு, சூப். முதல் நாள் ஒயினை ஊற்ற வந்தாள். அவர் தலையாட்டியதும் தன் கிளாசில் மட்டும் ஊற்றிக்கொண்டாள். அவர் தண்ணீரை உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அவர் இரண்டு வாக்கியம் சொல்வார், அவள் "ஆமாம்" என்பாள். புரிந்துதான் சொல்கிறாளா என்று அவருக்குத் தெரியாது.

ஆறாம் நாள் காலையில் அவரால் அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவது என்று பையைக் காரில் வைத்தார். மதாம் மார்த் அடுப்படியில் இருந்தாள். 'போகிறேன்' என்று ஒரு வீட்டு வாசலில் நின்று சொல்ல அவருக்கு வாய் வராது. வேலம்மாளோடு இருந்த காலத்தில் கடைத்தெருவுக்குப் போகும்போதுகூடச் சொன்னதில்லை. வழக்கமாகச் சொல்வதையே பிரெஞ்சில் சொன்னார்: "போய்விட்டு வருகிறேன், மதாம்."

அவள் தலையசைத்தாள்.

அக்டோபர் கடைசியில் தபால்காரர் ஷேக் தாவூது ஸ்ரீரங்கம் வீட்டில் ஒரு கடிதத்தை நீட்டினார். "சீமைத் தபாலுங்க. ஸ்டாம்புத் தலையே தனியா இருக்கு பாருங்க."

மதாம் மார்த் எழுதியது. தங்குபவர்கள் எழுதிக்கொடுக்கும் படிவத்திலிருந்து விலாசம் எடுத்திருந்தாள். அவர் கிளம்பிய அன்று ராத்திரி எட்டு மணிவரை சூப்பைச் சூடாக வைத்திருந்தாளாம். மறுநாளும் தட்டு வைத்தாளாம். அவருடைய துண்டு துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்ததால் சந்தேகமே வரவில்லை. மூன்றாம் நாள் போலீசிடம் போய் ஆற்றோரச் சாலையைப் பார்க்கச் சொன்னாள். கார் பாரிசில் ஒழுங்காகத் திரும்பிவிட்டது என்று அவர்கள்தான் விசாரித்துச் சொன்னார்கள். 'நீங்கள் உயிரோடிருப்பதில் சந்தோஷம். உங்கள் பிரெஞ்சு நன்றாகவே புரிந்தது. வருவேன் என்று ஏன் சொன்னீர்கள்?'

அந்த இரண்டு மாலையும் அவர் பாரிஸ் விடுதியறைக் கட்டிலில் உட்கார்ந்து காகிதத்தில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அற்புதசாமி விடவில்லை. "திரும்பி வந்து ஒரு மாசம் ஆச்சு, வாயே திறக்க மாட்டேங்கிறீங்க. உங்க பிரெஞ்சு அங்க செல்லுச்சா, இல்லையா?"

"ஒருத்தங்களுக்குப் புரிஞ்சுதுங்க."

"எவ்வளவு பெரிய தேசத்துல ஒருத்தரா!"

"நான் சொன்னதை அப்படியே நம்பிட்டாங்க, சார்."



ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பதில் எழுதினார். எங்கள் ஊர் வழக்கம் என்று இரண்டு பக்கம் விளக்கினார். படித்துப் பார்த்தால் பதினான்காம் பாடம் மாதிரி இருந்தது. கிழித்தார். பிறகு நாலு வரி எழுதினார். ஒரேயடியாகப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லாமல் கிளம்பியது தவறு. எனக்கு அங்கே யாரோடும் பேச்சில்லை, அதனால்தான் கிளம்பினேன். நீங்கள் இருந்தீர்கள் என்பது தெரியவில்லை. கடைசி வரிக்குப் பேனா வெகுநேரம் நின்றது. இனி வர மாட்டேன் என்று எழுதினார். யாருக்கும் அப்படி எழுதியதில்லை.

திங்கட்கிழமை காலை தபாலாபீசில் குமாஸ்தா தாஜுதீன் உறையை எடை பார்த்தார்.

"கப்பல்ல போனாப் போதுமா சார்? காசு கம்மி."

"வேணாங்க. விமானத்துலயே போகட்டும். அங்க ஒருத்தங்க காத்துக்கிட்டிருக்காங்க."