ஆணி அடித்த ஜன்னல்

செண்டுமல்லி இதழ்ப் பொடி மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே மஞ்சக்கா மூக்கைச் சுற்றிப் பழந்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். சோளமாவுக் குவியலின் மேல் பொடியைக் கொட்டி, மஞ்சள்தூள், பூண்டுப்பொடி, முருங்கை இலைத்தூள் எல்லாவற்றையும் சேர்த்தாள். எதிரே நின்ற நாத்தனார் மண்வெட்டியால் புரட்டத் தொடங்கினாள். பொடி குபுகுபுவென்று எழும்பி அறையை அடைத்தது. எதிரில் நிற்கிறவள் முகமே தெரியவில்லை. வருஷக்கணக்காக இதிலேயே நின்றதில்தான் அவளுக்கு மஞ்சக்கா என்று பெயர் வந்தது. தலைக்குக் குளித்தாலும் காது மடலில் அந்த மஞ்சள் போகாது.

இந்தப் பண்ணையின் முட்டைக்கோழிகளுக்கு ரசாயனம் எதுவும் கிடையாது, எல்லாம் இலையும் பூவும்தான் என்று வாசலில் பெரிய பலகை தொங்கியது. அதில் பொய் இல்லை. கோழிகள் கொழுகொழுவென்றுதான் இருந்தன. தீவனம் கலக்குகிற இரண்டு பேர்தான் துரும்பாக இளைத்துக்கொண்டு வந்தார்கள்.

நாத்தனாருக்கு இருமல் பிடித்துப் பல மாதம் ஆகிவிட்டது. நாலு தடவை புரட்டினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தூசியை விட்டு வெளியே வரச் சொன்னார் டாக்டர். வெளியே வந்தால் சோற்றுக்கு என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை. அதனால் மஞ்சக்கா ஒருநாள் யாரையும் கேட்காமல் அறையின் ஒரே ஜன்னலைத் திறந்துவிட்டாள். ஜிலுஜிலுவென்று காற்று வந்தது. நாத்தனாரும் நிம்மதியாக மூச்சு விட்டாள். ஆனால் அந்தக் காற்றே, கருவுக்கு நிறம் கொடுக்கிற இதழ்ப் பொடியில் பாதியை வாரிக்கொண்டு போய்விட்டது. அடுத்து வந்த முட்டைகளில் மஞ்சள் கரு வெளிறிப்போக, கடைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேஸ்திரி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஜன்னலுக்கு ஆணி அடித்துவிட்டுப் போனார்.

ஜன்னல் வேண்டாம், நல்ல மாஸ்க்காவது கொடுங்கள் என்று மஞ்சக்கா கேட்டாள். பார்க்கலாம் என்றார் மேஸ்திரி. மறுபடி கேட்டதற்கு, பார்க்கலாம் என்று சொன்னேன் அல்லவா என்று எரிந்து விழுந்தார்.

இன்று காலை, முட்டையை மொத்தமாக எடுக்க ஒரு பெரிய கடையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாசலிலேயே மேஸ்திரி ஆளுக்கொரு மாஸ்க் எடுத்துக் கொடுத்தார். ஒரு பெட்டி நிறைய, மடிப்புக் கலையாத புது மாஸ்க்குகள். மனுஷ மூச்சுப் பட்டுக் கோழிக்கு நோய் வந்துவிடக் கூடாதாம். மஞ்சக்கா போய் இரண்டு கேட்டாள். அதெல்லாம் வருகிறவர்களுக்கு என்று அவர் பெட்டியை மூடினார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே நாத்தனாருக்கு இருமல் வந்தது. குடலைப் புரட்டுகிற இருமல். கோழிகளுக்குப் புழுங்கக் கூடாதென்று கொட்டகையில் ஓடிய பெரிய விசிறிகளின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. வந்தவர்களோடு நின்ற பண்ணை முதலாளி மேஸ்திரியைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"யாருய்யா அது? இப்படி இருமுற ஆளைக் கோழிப் பக்கம் விட்டா என்ன ஆகுறது? இன்னையோட நிறுத்திடு."

நாத்தனார் ஒரு கையில் மண்வெட்டியோடு, வெள்ளைத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். "நான் போறேன் அண்ணி. நீங்க உள்ள போங்க. ரெண்டு பேரும் நின்னுட்டா வீட்டுல அடுப்பு எரியாது."

"நீ சும்மா இரு," என்ற மஞ்சக்கா அவளிடமிருந்து மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாய்த்தாள். அந்த வெள்ளைத் துண்டையும் வாங்கிக்கொண்டாள்.

முற்றத்தில் மேஜை போட்டு, முதலாளி ஒரு வெள்ளைத் தட்டில் முட்டையை உடைத்து ஊற்றினார். கரு திரண்டு, அடர்ந்த மஞ்சளில் பளபளவென்று நின்றது. சாயம் ஒரு துளி இல்லை, அத்தனையும் பூவின் நிறம் என்று வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மஞ்சக்கா நேரே அங்கே போனாள். தட்டுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து வைத்தாள். நாத்தனார் இருமித் துப்பிய சளி அதில் அதே நிறத்தில் ஒட்டியிருந்தது.

"இதுவும் அதே பூதாங்க. எங்களுக்கும் மாஸ்க் குடுங்க, என் நாத்தனாரையும் வேலைக்கு வச்சுக்குங்க. அதுவரைக்கும் ரெண்டு பேரும் மண்வெட்டியத் தொடமாட்டோம்."

வந்தவர்கள் மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். முதலாளி அவசரமாகக் கையை நீட்டி, துண்டில் பட்டுவிடாமல் முட்டைத் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.