தோமித்திலாவின் இரண்டாம் குரல்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முக்கியமான கட்டத்தில் நான் அங்கே இல்லை. தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன்.

கிழக்குத் திமோரில், லோஸ்பாலோஸ் ஊருக்குக் கிழக்கே, ஸெலிந்தாவின் மக்காச்சோளக் கொல்லையில் மழைக்கு முன் மண் புரட்டும் நாள். பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நானும் போனேன். எனக்குக் கடப்பாரை பிடிக்கத் தெரியாது என்று ஊர் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. அதனால் யார் கொல்லையில் வேலை என்றாலும் எனக்குக் குடம்தான்.

2

இப்படித் தொடங்கினேன்: "கீழ்வானம் சிவக்க, எருமைகள் அசைந்தசைந்து வர—"

அடித்துவிட்டேன். எருமை எதுவும் வரவில்லை. எருமை வராததில்தான் வம்பே ஆரம்பித்தது.

மறுபடியும்: "ஸெலிந்தா பருத்த உடம்பும்—"

"என்ன தம்பி, என்னைப் பத்தியா எழுதுற?" ஜன்னலில் ஸெலிந்தாவே நின்றாள்.

"சும்மாக்கா."

"குண்டுன்னு எழுதினியா?"

"இல்லக்கா."

"எழுதேன்! குண்டா இருந்தாத்தானே குரல் எட்டும். தோமித்திலாவை ஒல்லின்னு போடு. காத்தடிச்சா யாராவது அவளைப் பிடிச்சுக்கணும்." கொஞ்சம் யோசித்தாள். "நல்லவளாவே எழுது. மூக்கை மட்டும் உள்ளபடி எழுது."

(இதை அவள் ஃபத்தலுக்கு மொழியில் சொன்னாள். ஆபீஸில் தேத்தும் மொழி, பள்ளிக்கூடத்தில் போர்த்துகீசியம் என்று இவர்கள் சமாளித்துக்கொள்வார்கள். சண்டைக்கும் பாட்டுக்கும் மட்டும் ஃபத்தலுக்குதான். இந்தக் கதையில் எல்லாரும் தமிழ் பேசுகிறார்கள் என்று தெரிந்தால் ஊரே ஒரு வாரம் சிரிக்கும்.)

3

வைஹோஹோ பாட்டைத் தனியாகப் பாட முடியாது. ஒருத்தி எடுப்பாள், அரை மூச்சு தள்ளி இன்னொருத்தி அவள் குரலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போவாள். என்ன சொல் வரும் என்று பின்னால் போகிறவளுக்குத் தெரியாது. வந்ததும் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் நிறுத்துவதைப் போல மானக்கேடு வேறில்லை. பாவாடை கட்டிய நாளிலிருந்து ஸெலிந்தா எடுப்பாள், தோமித்திலா பிடிப்பாள்.

தோமித்திலாவின் அண்ணன் அன்செல்மோ, பெண் எடுத்த வீட்டுக்குப் பரிசமாகத் தருவதாகச் சொன்ன எருமையை இதோ அதோ என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு கல்யாணத்தில், கள்ளும் உள்ளே போயிருந்த நேரத்தில், ஸெலிந்தா எடுத்தாள்:

*வருகிறது வருகிறது என்றார்கள் எருமை,*
*வந்து சேர்ந்தது கயிறு மட்டுமே.*

தோமித்திலா கண்ணை மூடிப் பின்னாலேயே போனாள். எந்த எருமை, யார் கயிறு என்று அவளுக்கு உறைத்தபோது பாதிக் கயிறு வாயை விட்டுப் போய்விட்டது. நிறுத்தவில்லை. சொந்த அண்ணனைச் சொந்த வாயால், சுருதி பிசகாமல், கடைசிவரை கிழித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். பந்தலே விழுந்து விழுந்து சிரித்தது. அன்செல்மோவும் சிரித்தான், அடுத்த வாரமே எருமையும் போய்ச் சேர்ந்தது. தோமித்திலா மட்டும் அன்றிலிருந்து ஸெலிந்தாவோடு பேசவில்லை.

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். அண்ணனுக்கே இல்லாத கோபம் தங்கைக்கு இரண்டு மழைக்காலம் நிற்குமா? நேரே அவளிடமே போய்க் கேட்டேன்.

"திட்டினதுக்கு யாருடா கோவப்பட்டா? அவனுக்கு வேணும்! என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னாளா? கண்ணை மூடிக்கிட்டு அவ பின்னாடி போறவ நான்."

அதற்குப் பிறகு சந்தேகம் வரவில்லை.)

4

மண் புரட்டும் நாளுக்குத் தோமித்திலாவும் வந்தாள். உறவுக்காரியின் கொல்லைக்கு வராமல் இருக்க முடியாது. ஆனால் வரிசையின் அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டாள். இந்தக் கோடியில் ஸெலிந்தா.

பாட்டை எடுக்க வேண்டியது கொல்லைக்காரிதான். ஸெலிந்தா எடுக்கவில்லை. பாட்டில்லாமல் கடப்பாரைகள் ஆளுக்கொரு நேரத்தில் விழுந்தன. எல்லாரும் ஒன்றாக நெம்பாததால் ஒரு கட்டியும் முழுசாகப் புரளவில்லை.

"நான் வேணா கூடப் பாடட்டுமா?" என்றாள் வெனான்சியா. அவள் பாடினால் கோழி அடையைவிட்டு எழுந்து போய்விடும்.

"வேணாம்!" என்றது மொத்த வரிசையும்.

"ஏய் ஸெலிந்தா, வேலை நடக்கணுமா வேணாமா?" என்று அன்செல்மோ கத்தினான்.

ஸெலிந்தா கடப்பாரையை மண்ணில் ஊன்றினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. எடுத்தாள்:

*ஒரு வாய் இருந்தது, அதற்கு வேலி இல்லை...*

அந்த 'இல்லை'யை விடாமல் இழுத்தாள். யாராவது பிடித்தால் பாட்டு. பிடிக்காவிட்டால், ஊர் நடுவில் தன்னைத் தானே திட்டிக்கொண்டு ஒற்றைக் குரலோடு நின்றவள் என்ற பேர் காலத்துக்கும் நிற்கும். அது அவளுக்குத் தெரியும். கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கோடியில் தோமித்திலா கண்ணை—

"தண்ணி எங்கய்யா? கறி அடிப்பிடிக்குது!"

அடுப்படியிலிருந்து கின்த்தினோவின் குரல். போயிருக்கக் கூடாது. ஆனால் தீயும் வாசம் எனக்கே வந்தது. போனேன். ஊற்று மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே பாட்டும் கேட்காது, ஒன்றும் கேட்காது.

5

திரும்பி வந்தபோது எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். சிரிப்பு தாங்கவில்லை. அந்த இருவரை மட்டும் காணோம். விசாரித்ததில் கிடைத்த முடிவுகள்:

அன்செல்மோ: "என் தங்கச்சிதான் பிடிச்சா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. எழுதிக்கோ. அழுததை எழுதாத."

வெனான்சியா: "பிடிச்சது நான். ரெண்டாவது சொல் போறதுக்குள்ள தோமித்திலா அங்கிருந்து ஓடியாந்து என் வாயைப் பொத்திட்டா. பொறாமை!"

கின்த்தினோ: "பாட்டாவது கூத்தாவது. நீ லேட்டா வந்த, கறி தீஞ்சுது. அதான் நடந்துச்சு."

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அழுகை அதிகம். மூன்றாவதில் என் பேர் கெடுகிறது. இரண்டாவது நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வெனான்சியா பொய்—

(அடித்துவிட்டேன். அவள் என் வீட்டுக்கு மரவள்ளிக்கிழங்கு தருகிறவள்.)

6

கடைசியில் தோமித்திலாவிடமே போனேன். பாக்கை மென்றபடி உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு நீ பிடிச்சியா இல்லையாக்கா?"

"அவ இல்லாம நான் மட்டும் எப்படிடா சொல்றது?"

ஸெலிந்தா வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே மடக்கினாள்: "கேக்காத. தோமித்திலா இல்லாம இதுல நான் வாயே திறக்க மாட்டேன். வாயால ஒரு தடவை பட்டது போதும்."

சரி, இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துக் கேட்கலாம் என்று சாயங்காலம் மறுபடி போனேன். இரண்டு வீடும் பூட்டிக் கிடந்தது. அடுத்த ஊரில் யாருக்கோ மண் புரட்டுகிறார்களாம், இருவரும் அங்கே போயிருக்கிறார்களாம்.

ஆகவே கதையை முடிக்க என்னால் ஆகாது. நானும் ஒற்றைக் குரல்தானே. எழுத்திலேயே அந்த நாளின் கொல்லைக்குத் திரும்பிப் போகிறேன். இந்த முறை குடத்தைத் தொட மாட்டேன், கறி தீயட்டும். கடப்பாரைகள் அந்தரத்தில் நிற்கின்றன. ஸெலிந்தா இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு மூச்சு தீரப்போகிறது. அந்தக் கோடியில் நிற்பது நீங்கள்தான். கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

*ஒரு வாய் இருந்தது, அதற்கு வேலி இல்லை,*