திருமணமாகாதவள் என்ற கட்டம்

மூன்று வாரமாகக் கிடப்பில் இருந்த படிவத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் திருப்பித் தள்ளினார் சேமிப்பு நிதி அலுவலக எழுத்தர் அபூ லைத்.

"தள்ளுபடி ஆயிடுச்சு, மகளே."

"ஏன்?"

தஹானி கேட்ட வேகத்தில் வரிசையே நிமிர்ந்தது. ஸர்கா நகரில் ஒரு மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, முதுகலை படிக்கவென்று வேலையை விட்டிருந்தாள். சம்பளத்தில் பிடித்த ஓய்வுக்காலச் சேமிப்பு கைக்கு வந்தால்தான் கட்டணம் கட்ட முடியும். வியாழக்கிழமை கடைசி நாள். இன்று செவ்வாய். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவள்தான், கைகொடுக்க யாருமில்லை.

"என்கூட வேலை பார்த்த நாலு பேர் எடுத்தாங்களே?"

"அவங்க கல்யாணமானவங்க. வேலையை விட்ட பொம்பளை கல்யாணமானவளா, விதவையா, விவாகரத்தானவளா இருந்தா மொத்தமா எடுக்கலாம். நீ 'திருமணமாகாதவள்'ல குறி போட்டிருக்க."

"புருஷன்னு ஒருத்தன் வந்தாத்தான் என் காசு என் காசா?"

"விதியை நானா போட்டேன்? அம்பத்தஞ்சு வயசுல வா. டீ வாங்கித் தர்றேன்." சிரித்தவர் திரையைப் பார்த்துப் புருவம் சுருக்கினார். "அட, குடிமைப் பதிவுல விவாகரத்தானவள்னுல்ல இருக்கு!"

குரலைத் தாழ்த்தவேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

"அதெல்லாம் இல்லை!" தஹானியின் தாய் முன்னால் பாய்ந்தாள். "நிச்சயம்தான் முறிஞ்சது. என் மக கன்னிப்பொண்ணு."

"அதை இந்தக் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுங்க, ஹாஜியம்மா."

அந்த ஊரில் நிக்காஹ் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிப் பல மாதம் கழித்துத்தான் கல்யாண விருந்து. அதுவரை ஊர் வாயில் மணப்பெண் வெறும் நிச்சயமான பெண், சட்டத்தில் மனைவி. தஹானியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் குவைத் போய் நாலே மாதத்தில் தலாக் அனுப்பினான். "நிச்சயம் முறிஞ்சது" என்று சொல்லி வீடு அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது. சோதனைக்கூடத்தில் ஒரு துளியைக்கூடத் தப்பாகக் குறிக்காதவள், வீட்டார் சொன்ன பொய்யை மட்டும் யோசிக்காமல் குறித்திருந்தாள்.

"தலாக் பத்திரத்தோட புதுசா எழுதிக் கொடு. பத்து வேலை நாள் ஆகும்."

"வியாழக்கிழமை கடைசி நாள்!"

"முதல்லயே சரியா எழுதியிருந்தா பணம் இந்நேரம் கையில இருந்திருக்கும்."

படிப்பில் ஒரு வருடம் போயிற்று. ஒரு கட்டத்தால்.

தாய் அவள் கையைப் பிடித்தாள். "வேண்டாம்டி. உன் கையால அந்தச் சொல்லை எழுதாத. பின்னால உம்மு முனீர் நிக்கிறா, பாரு. நாளைக்கு யாருடி பொண்ணு கேட்டு வருவா?"

"யாரும் வரவேண்டாம். அடுத்த வருஷமாவது நான் படிக்கப் போறேன்." புதுப் படிவத்தில் தஹானி போட்ட குறியில் தாள் கிழிந்தது. "பத்திரம் எங்க உம்மா?"

தாய் முணுமுணுத்தாள். "அரிசி டின்னுக்கு அடியில."

"எத்தனை மணிக்கு மூடுவீங்க?"

"மூணுக்கு."

தஹானி திரும்பினாள். பக்கத்து வீட்டு உம்மு முனீர் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"விவாகரத்து, அத்தை. சரியாக் கேட்டுச்சுல்ல? அப்படியே என் இடத்தைப் பிடிச்சு வைங்க. இதோ வந்துடறேன்."