ஒண்ணும் இல்ல டாக்டர்

அவள் ஏறி உட்கார்ந்தால்தான் அந்தக் கிரேன் அடங்கும். இது அவள் புருஷன் சொல்வது. பெண்டாட்டி புராணம் ஆரம்பிச்சாச்சு என்று வேலைத்தளத்தில் கிண்டல் செய்வார்கள். பாடட்டுமே! அத்தனை உயரத்துக் கூண்டிலிருந்து ஒரு கட்டுக் கம்பியைப் பூனைக்குட்டியைப் போலத் தரையில் இறக்கி வைக்கிறவளைப் பாடாமல் வேறு யாரைப் பாடுவது? கீழே நின்று கொக்கியில் சுமையை மாட்டுவதும் கழற்றுவதும் அவன் வேலை. வாக்கிடாக்கியில் அவன் "இறக்கு" என்றால் அவள் இறக்குவாள். வீட்டில் மட்டும் அது தலைகீழ்.

அவளுக்கு உடம்பு போட்டுக்கொண்டே போனது. வாயைக் கட்டினாள், விடியுமுன் எழுந்து நடந்தாள், எடை அசைந்து கொடுக்கவில்லை. குறட்டையோ கூரையைத் தூக்கியது. எடை குறைய வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியை டாக்டரம்மா எழுதித் தந்தார். விலையைக் கேட்டதும் இரண்டு பேருக்கும் தலை சுற்றியது. அதுதான் இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று விண்ணப்பித்தார்கள். முடியாது என்று பதில் வந்தது. எடையால் நோய் எதுவும் வந்ததாகப் பதிவில் இல்லையாம், அழகுக்காக இளைப்பதற்கெல்லாம் பணம் தருவதில்லையாம்.

"அழகுக்கா?" என்று அவன் குதித்தான். "என் பொண்டாட்டிக்கு அழகுல என்னய்யா குறைச்சல்?"

டாக்டரம்மா கணினியைத் திருப்பிக் காட்டினார். தூக்கம் எப்படி, மூச்சு வாங்குகிறதா, தலை கிறுகிறுக்கிறதா என்று வருஷா வருஷம் அவர் கேட்டிருக்கிறார். இவளும் வருஷா வருஷம் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறாள்: ஒண்ணும் இல்ல டாக்டர்.

கிரேன் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். ஒரு வார்த்தை பதிவாகிவிட்டால் தகுதிச் சான்று போய்விடும், கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். இறங்கியவர்கள் திரும்ப ஏறியது அபூர்வம். அதனால் வலியோ மயக்கமோ, விழுங்கிவிட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் இப்போது அவள் ஊசிக்கு உலை வைத்திருந்தது.

மறுபரிசீலனைக்கு மனு போட்டார்கள். இன்சூரன்ஸ் டாக்டர் வீடியோவில் பேசுவார் என்றார்கள். கிளினிக்குக்குப் போகிற வழியெல்லாம் அவன் பாடம் நடத்தினான்.

"குறட்டையைச் சொல்லு. முட்டி வலியையும் சேர்த்துக்கோ. உட்கார்ந்த இடத்துல கண் அசந்துடறதை மட்டும் வாயில எடுக்காதே. கூண்டு போயிடும், தெரியுதா?"

"ம்" என்றாள்.

கிளினிக்கின் சின்ன அறையில், திரையில் இருந்த இளம் டாக்டர் நிமிராமல் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார்: "பகல்ல தூக்கம் வருமா?"

அவன் மேசைக்கடியில் அவள் காலை அழுத்தினான். அவள் காலை நகர்த்திக்கொண்டாள்.

"வரும் டாக்டர். போன மாசம் கூண்டுலயே கண் மூடிடுச்சு. சுமை தொங்கிட்டு இருந்தது."

டாக்டர் நிமிர்ந்தார். "அம்மா, இதை நான் பதிவு பண்ணா உங்க வேலை இடத்துக்கும் தெரிவிச்சாகணும். புரியுதுங்களா?"

"புரிஞ்சுதான் சொல்றேன். எழுதிக்கோங்க."

அவளா இது! முதுகை நிமிர்த்தி, குரல் பிசிறாமல், இத்தனை வருஷம் விழுங்கியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அவனுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், வியப்பு ஒரு பக்கம்.

தூக்கப் பரிசோதனை வைத்தார்கள். ராத்திரி முழுக்க அவளுக்கு மூச்சு நின்று நின்று வருவது தெரிந்தது. ஊசிக்கு அனுமதி வந்த அதே வாரம் கூண்டிலிருந்து இறங்கச் சொல்லி உத்தரவும் வந்தது. திண்டு, தண்ணீர்ப் புட்டி, ஒரு ஸ்வெட்டர் என்று தன் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு அவள் ஏணியில் இறங்கி வந்தாள். அவனால் பொறுக்க முடியவில்லை.

"இப்ப நிம்மதியா? ஒரு நொடி கண் அசந்துச்சு, அவ்வளவுதானே! யாருக்கு என்ன ஆயிடுச்சு?"

"அன்னைக்குச் சுமை இறங்கற இடத்துல நின்னது நீங்க" என்றாள் அவள். "இறக்கு, இறக்குன்னு கத்திட்டு, 'என்னடி, மேல தூங்கிட்டியா'ன்னு வாக்கிடாக்கில சிரிச்சீங்க. அந்தச் சத்தத்துலதான் நான் முழிச்சேன்."

அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி, அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா மறைக்கச் சொல்லியிருப்பீங்க."

ஆமாம், சொல்லியிருப்பான். சத்தியமாகச் சொல்லியிருப்பான். அவளுக்கு உயிர் அந்தக் கூண்டு. அதை அவன் உயிருக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டு எதுவும் நடக்காதவள்போல நிற்கிறாளே என்று அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"திரும்ப ஏத்துவாங்களா?" என்று கேட்டான்.

"தெரியல. ஊசி வாங்கணும், வாங்க" என்று அவள் முன்னால் நடந்தாள்.