கூடையில் ஒரு தொட்டில்

இணையக் கடைக்குள் நுழைந்ததும் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி குதிக்குமே, "பத்து சதவீதம் தள்ளுபடி, நம்பரைக் கொடுங்க" என்று, அந்த பாப்-அப்பை எழுதுகிறவள் நான். திட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரரே திட்டியிருக்கிறார், எழுதியது யாரென்று தெரியாமல்.

எங்கள் கம்பெனி குழந்தைச் சாமான் விற்கிறது. கீழே கிடங்கு, மாடியில் மூன்று மேசை. ஒன்றில் மேடம், கடைக்குச் சொந்தக்காரி. இன்னொன்றில் கண்ணாடி. சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டான், அந்த அளவுக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் எழுதுவதைத் திரையில் வரவைப்பது அவன் வேலை.

நான் சேர்ந்தபோது பக்கம் முழுசாகத் திறக்கும் முன்பே பாப்-அப் வந்து நிற்கும். மூடுகிற பெருக்கல் குறி எறும்புத் தலை அளவு. வந்தவர்கள் பெட்டியை மூடத் தெரியாமல் கடையையே மூடிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் காலை வைத்ததும் கையைப் பிடித்து இழுத்தால் யார்தான் உள்ளே வருவார்கள்? மேடத்தோடு மல்லுக்கட்டி எல்லாவற்றையும் மாற்றினேன். பாதிப் பக்கம் பார்த்த பிறகுதான் பெட்டி வரும், அதுவும் திரையின் அடியில் மட்டும். ஒருமுறை மூடினால் மறுபடி வந்து உயிரை எடுக்காது. முதலில் கேட்பது ஒரே கேள்வி: "குழந்தை பிறந்தாச்சா, வரப்போகுதா?" பதில் சொன்னவர்களிடம் அம்மாவா அப்பாவா என்பதையும் தேதியையும் நம்பரையும் வாங்கிக்கொண்டு, அதைப் பொறுத்து வாராவாரம் ஒரு மெசேஜ் போகும், அந்த வாரத்துக்கு ஏற்ற நாலு வரி, கூடவே கடைச் சாமான் ஒன்று.

மூன்றாவதாக ஒரு பொத்தானும் வைத்தேன்: "சும்மா பாக்கறேன்."

"சும்மா பாக்கறவங்களால நமக்கு என்னம்மா பிரயோஜனம்?" என்றார் மேடம்.

"நிம்மதியாப் பாக்க விடுவோம் மேடம். வாங்கணும்னு வரும்போது நம்மகிட்டதான் வருவாங்க."

சொன்னது வியாபாரம். சொல்லாதது வேறு. கல்யாணமாகி ஏழு வருஷத்தில் இரண்டு தடவை உண்டானேன், இரண்டு தடவையும் தங்கவில்லை. குழந்தைச் சட்டையை விலை கேட்காமல் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிற ஜன்மங்களில் நானும் ஒருத்தி. அந்தப் பொத்தானைத்தான் நிறையப் பேர் அழுத்தினார்கள். விற்பனையும் ஏறியதால் மேடம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். "இனிமே உண்டானாலும் மூணு மாசம் தாண்டாம யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன். உங்ககிட்டயும்தான்." அவர் தலையை மட்டும் ஆட்டினார். லிஃப்ட் மெக்கானிக். ஏற்கெனவே காசு கொடுத்து வாங்குவதுபோல வார்த்தையைச் செலவழிக்கிறவர். அதற்குப் பிறகு அதுவும் நின்றுபோய், எங்கள் வீட்டில் மிக்ஸிதான் பேசிக்கொண்டிருந்தது.

அப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு சாயங்காலம் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தானாகவே பேச ஆரம்பித்தார். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர், வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒரே லிஃப்டில் மாட்டிக்கொண்டார்களாம். இவர் கதவைத் திறந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்து ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். "இன்னும் கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்திருக்கலாமேப்பான்னு என்னையே கோவிச்சுக்கிட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது!

அன்றிலிருந்து தினமும் ஒரு கதை. பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் கொஞ்சம் கீழேயே பார்ப்பார். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். தண்ணீர் கேனில் கை வைத்தால் "வெச்சிடு, வெச்சிடு" என்று ஓடி வருவார். மோட்டாரும் கம்பியும் அடைத்து வைத்திருந்த சின்ன அறையை ஒழித்துப் போட்டார்.

"என்னங்க, யாராவது மந்திரிச்சு விட்டுட்டாங்களா?" என்று கேட்டேன்.

"ஏன், நல்லா இருந்தா பொறுக்காதா?" என்றார்.

பொறுத்தது. பேராசையே பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் வரும்போதே அந்தக் குரலுக்காக ஏங்கினேன். சிக்னலில் நின்றால் டிரைவர் மேல் கோபம் வந்தது.

இந்த வாரம்தான் எல்லாம் தெரிந்தது. எங்கள் மெசேஜ்களை யார் யார் திறந்து படிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடி, "மேடம், இங்க ஒருத்தர் இருக்கார் பாருங்க" என்றான். "மெசேஜ் போனதும் திறக்கறார். ஒண்ணொண்ணையும் பத்துப் பதினஞ்சு தடவை படிக்கறார். தேக்குத் தொட்டிலைக் கூடையில போட்டு வெச்சிருக்கார், ஆனா வாங்கல. தினம் வந்து பாத்துட்டுப் போயிடறார்."

"ஆளை விட்டுடாதீங்க" என்று மேடம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "அடுத்த தடவை தொட்டில் பக்கத்தை விட்டு வெளிய போகும்போது அவருக்கு மட்டும் ஒரு பாப்-அப் வரட்டும். நீ எழுதும்மா, மனசைத் தொடற மாதிரி."

அம்மாவா அப்பாவா, என்ன விவரம் என்று நான் கேட்டேன். அப்பா என்று சொல்லி நம்பரைப் படித்தான் கண்ணாடி. பாதியிலேயே மீதி எண்கள் என் வாயில் வந்துவிட்டன.

பாப்-அப்பைச் சோதிக்கும்போது என் நம்பர், கண்ணாடி நம்பர் இரண்டையும் போட்டு முடித்துவிட்டிருந்தோம். ஒரே நம்பரை மறுபடி ஏற்காது. அதனால் வீட்டுக்காரர் நம்பரைத் தட்டினேன். அப்பா. வரப்போகுது. கை போன இடத்தில் ஒரு தேதி. புது பாப்-அப் ஓட ஆரம்பித்தபோது கண்ணாடி எங்கள் இரண்டு நம்பரையும் அழித்தான். மூன்றாவது யாரோ வாடிக்கையாளர் என்று விட்டுவிட்டான்.

அவருக்குப் போன முதல் மெசேஜும் நான் எழுதியதுதான். "அப்பா ஆகப்போறவருக்கு வாழ்த்துகள்! அவங்களை வெயிட் தூக்க விடாதீங்க. தினமும் வீட்டுல பேசுங்க, இப்போதிருந்தே உங்க குரல் குழந்தைக்குப் பழகட்டும்."

அப்படியானால் அந்தக் கதைகள் எதுவுமே எனக்குச் சொன்னவை இல்லை.

பாப்-அப் எழுதும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொன்னால் அந்தக் குரல் நின்றுவிடும். சொல்லாவிட்டால் தொட்டில் வீட்டுக்கு வந்துவிடும். இன்னும் நாலு நாள் கேட்டுவிட்டுச் சொல்லேன், இந்த ஒரு வாரம் மட்டும் என்று மனசு பிச்சைக்காரி மாதிரி கெஞ்சியது. அதன் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

"அந்த நம்பரை எடுத்துடு" என்றேன் கண்ணாடியிடம்.

"நல்ல கஸ்டமரை ஏம்மா விரட்டறே?" என்றார் மேடம்.

"அவர் என் வீட்டுக்காரர், மேடம்."

மேடம் எழுந்து வந்து என் கம்ப்யூட்டரை அவரே அணைத்தார். "முதல்ல வீட்டுக்குப் போ" என்றார்.

வீட்டுக்காரர் சின்ன அறையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். வெளிர் மஞ்சள். என்னைப் பார்த்ததும், "உள்ள வராத, இந்த வாடை உனக்கு ஆகாது" என்றார்.

வாசல்படியில் நின்றபடியே சொன்னேன். "உங்க போனுக்கு வர்ற மெசேஜெல்லாம் நாங்க டெஸ்ட்டுக்குப் போட்டதுங்க. தெரியாம நடந்துபோச்சு. நான் உண்டாகல."

பிரஷ் சுவரிலேயே நின்றது. பெயின்ட் வழிந்து அவர் மணிக்கட்டுக்கு வந்தது.

"உங்க கடை மெசேஜாச்சே, வாயால சொல்ல பயந்துகிட்டு நீதான் இப்படிச் சொல்லியனுப்பறேன்னு நெனச்சேன்" என்றார். "அதான் நானும் எதுவும் கேக்கல."

"என்மேல கோவமா?"

"ம்ஹூம்."

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். தரையில் விரித்திருந்த பேப்பரைச் சுருட்டினார். "இனிமே வராதுல்ல?" என்று கேட்டார்.

"வராது."

"சரி."

அந்தச் 'சரி' எனக்குப் பழக்கமானது. அதற்குள் போனவர் திரும்பி வர வருஷங்கள் ஆகும். என்னைத் தாண்டிப் போகப் பார்த்தவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பெயின்ட் என் கையிலும் ஒட்டியது.

"இத்தனை நாளா நீங்க பேசினதையெல்லாம் நான்தாங்க கேட்டேன். வேற யாரும் கேக்கல. எனக்காகவும் கொஞ்சம் பேசுங்களேன்."

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"என்ன பேசறது?"

"எதையாவது."

அந்த அறையிலேயே சுவரில் சாயாமல் உட்கார்ந்தோம். மணிக்கட்டில் ஒட்டியிருந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார்.

"பொண்ணுன்னு நெனச்சிருந்தேன்" என்று ஆரம்பித்தார்.