இரவல் சிரிப்பு

முஜிபுர் ரஹ்மானுக்குப் பெற்ற தாயின் குரல் மறந்துகொண்டே வந்தது. வெளியில் சொல்லக் கூச்சம்தான், ஆனாலும் உண்மை. தொண்டையில் புற்று என்று மீரா பீவியின் குரல்வளையை எடுத்து ஒரு வருஷமாகிறது. அதற்கு முன்னால் அவர் பேசி அனுப்பிய பதிவுகளெல்லாம் இருந்த பாழாய்ப்போன கைப்பேசி கடைவாசல் சாக்கடையில் விழுந்து தொலைந்தது. இப்போது உம்மா உதட்டை அசைப்பார், மகன் பார்த்துப் புரிந்துகொள்வார். ஒரே ஒரு தடவை அந்தக் குரலைக் கேட்டால் போதும் என்று அவர் துஆ கேட்காத தொழுகை இல்லை.

பண்டார் தெங்காராவில், செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் நின்றுபோகும் இடத்தில் அவர்களுடைய சாப்பாட்டுக் கடை. மதியக் கூட்டம் கலைந்திருந்தது. சுவரில் மாட்டிய டிவியில் ‘இரவல் குடை’ ஓடிக்கொண்டிருந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா வருஷத்துப் படம். மழைக்கு ஒதுங்கிய இடத்தில் குடை மாறிப்போய், திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் காதலாகி, கடைசிவரை வயிறு வலிக்கச் சிரிக்கவைக்கிற படம். அதில் கதாநாயகியின் சிரிப்புக்குத்தான் பேர். கலகலவென்று போய், முடிவில் விக்கல் மாதிரி ஒரு சின்ன இழுப்பு.

வாப்பா மவுத்தாகிப் பல வருஷம். அந்தச் சிரிப்புக்காகவே குளுவாங் தியேட்டருக்கு மறுபடி மறுபடி போன மனுஷர். மகள் பஸீலா அதே மாதிரி சிரிக்கப்போக, “படம் பாத்துப் பாத்து என் மவளுக்கும் ஒட்டிக்கிச்சு” என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். உம்மா மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பார். “வாயத் தொறந்து சிரியேன், யாரு என்ன சொல்லப் போறா” என்று வாப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பாவம், அது மட்டும் நடக்கவில்லை.

டிவியில் அந்தச் சிரிப்பு வந்தது. கல்லாவில் இருந்த பஸீலாவும் சிரித்தாள்.

“அலமாக், எது டிவி எது உங்க தங்கச்சின்னே தெரியலலா பாய்” என்றார் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரிக்கார ஐயாசாமி.

உம்மா மகனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். உதடு அசைந்தது. நான்.

“உம்மா நான் கேக்குறாங்க. நெய் தடவி மெத்துனு ஒண்ணு போடு” என்று தந்தூர் அடுப்புப் பக்கம் குரல் கொடுத்தார் முஜிபுர் ரஹ்மான். ரொட்டி வந்தது. பிய்த்துப் பருப்பில் ஊறவைத்தார். உம்மா தட்டைத் தள்ளினார். மறுபடியும் உதடு, நான்.

“வந்திருச்சே உம்மா, இந்தா இருக்கு.”

மீரா பீவிக்குக் கோபம் வந்துவிட்டது. டிவியைக் காட்டினார். அதே விரலைத் திருப்பித் தன் நெஞ்சில் குத்திக்கொண்டார். நான்.

உம்மா கேட்டது ரொட்டியை அல்ல என்று முஜிபுர் ரஹ்மானுக்கு அப்போதுதான் உறைத்தது. பருப்புக் கிண்ணத்தைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றார்.

பிறகு உம்மாவின் உதட்டிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வாங்கி, தங்கைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார். உம்மாவைப் பெற்றவர் கோடம்பாக்கத்தில் ஸ்டூடியோ கேன்டீனில் பிரியாணி ஆக்கியவர். அந்தப் படத்து நடிகைக்கு அழ வரும், சிரிக்க வராது. சிரித்தால் இருமுவது மாதிரி இருக்குமாம். டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தச் சமையல்காரரின் மகள் சிரித்தது அவர் காதில் விழுந்தது. கூட்டிப்போய் மைக் முன்னால் நிறுத்தினார்கள். ஒலிப்பதிவு செய்தவர் வேட்டியை மடித்துக்கட்டி ஆடிக்காட்டியே அவளைச் சிரிக்கவைத்தார். படத்தில் பேர் போடவில்லை. போட்டிருந்தால் கல்யாணம் ஏது? மலாயா மாப்பிள்ளை அமைந்ததும், மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கப்பலேற்றினார்கள். வந்து இறங்கினால், மாப்பிள்ளை முதல்முதலாகப் பேசியதே அந்தச் சிரிப்பைப் பற்றித்தான்.

“வாப்பாவுக்குத் தெரியுமா உம்மா?”

இல்லை என்று தலையாட்டினார். கண் நிறைந்து வழிந்தது. சொல்லியிருக்கலாம் என்று உதடு அசைந்தது. பஸீலா வந்து அவர் தோளைக் கட்டிக்கொண்டாள்.

டிவியில் கடைசிக் காட்சி. குடை காற்றில் பறந்துபோக, கதாநாயகி சிரிக்க ஆரம்பித்தாள். உம்மாவின் கை பழக்கதோஷத்தில் முந்தானையோடு வாய்வரை போய், அங்கேயே நின்றது. பிறகு இறங்கி மடியில் கிடந்தது. மீரா பீவி வாயைத் திறந்து, தோள் குலுங்க, கடைசி விக்கல் இழுப்புவரை தப்பாமல் சிரித்தார். சத்தம் டிவியிலிருந்து வந்தது. முஜிபுர் ரஹ்மான் திரையைப் பார்க்கவில்லை. உம்மாவின் வாயையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.